நடராசா பேருக்கு எடுத்த டிக்கெட்டு

இந்த நாற்காலி காலிதானே சார்? உக்காந்துக்கிடுதேன். உங்க டோக்கன் எண்பத்திரெண்டா? எனக்கு எண்பத்தேழு. அப்ப நேரம் கிடக்கு.

ஜெர்மனி விசாவுக்குத்தானா? பொண்ணப் பாக்கவா? முதல் தடவையா? அதான் இப்படி நிம்மதியா உக்காந்து பேப்பர் படிக்கிய. நான் ரெண்டாவது தடவை. முதல் தடவை வந்தப்ப இதே ஹால்ல நானும் இப்படித்தான் இருந்தேன், பயம்னா என்னன்னே தெரியாது.

ஒண்ணு கேக்கேன், தப்பா நினைக்காதிய. அங்க ஒரு ரயில்ல நாம ஒரு பேப்பர் எழுதிக் குடுத்திருந்தோம்னு வச்சுக்கிடுங்க. நம்ம பேரு, பாஸ்போர்ட் நம்பரு எல்லாம் போட்டு. அது இங்க இருக்க கம்ப்யூட்டர்ல வருமா? குற்றம் ஒண்ணும் இல்ல சார். குற்றத்தக் கண்டுபிடிச்சுக் குடுத்தது. ஆனாலும் பேரு ஏறியிருக்கும்லா, அதான் கேக்கேன்.

பள்ளிக்கூடத்துல வேல பாத்தியளா? அப்ப உங்களுக்கு எப்படித் தெரியும். முழுசாச் சொன்னாத்தான் நீங்களும் ஒரு யோசன சொல்ல முடியும்.

எம்பேரு கோமதிநாயகம். ஊரு சங்கரன்கோவில். அரசு பஸ்ல கண்டக்டரா ஏறி, செக்கிங் இன்ஸ்பெக்டரா இறங்குனவன். மொத்தம் முப்பத்தோரு வருஷம். டிக்கெட் எடுக்காதவன நான் டிக்கெட்டப் பாத்துக் கண்டுபிடிக்க மாட்டேன், மூஞ்சியப் பாத்தே கண்டுபிடிச்சிருவேன். பஸ்ஸ நிப்பாட்டி நான் ஒரு வாசல், கூட வந்தவர் ஒரு வாசல்னு ஏறுவோம்லா, அந்த நிமிஷமே எனக்குத் தெரிஞ்சிரும். எடுக்காதவன் உடனே சட்டைப் பையத் தடவுவான். ஒரு மாதிரி நல்லவன் மூஞ்சியா வச்சுக்கிடுவான்.

ஆனா நான் உடனே பிடிக்க மாட்டேன். அதுதான் என் முறை. அவன்ட்ட போய், சிரிச்சு, தாண்டிப் போயிருவேன். அவன் தப்பிச்சோம்னு நினைப்பான். நான் கடைசி சீட்டு வரைக்கும் பாத்துட்டு, பைய நடந்து திரும்ப அவன்ட்டயே வந்து நிப்பேன். அதுக்குள்ள அவன் பாதி செத்திருப்பான். கேள்வியே கேக்க வேண்டாம், அவனே சொல்லிருவான். இன்ஸ்பெக்டருக்கெல்லாம் நான் கிளாஸ் எடுத்திருக்கேன் சார், இந்த முறைய.

சரி, விஷயத்துக்கு வாறேன். மகன் சிவகுரு ஸ்டுட்கார்ட் பக்கத்துல ஒரு கம்பெனியில இருக்கான். மருமக அபிநயாவும் வேல பாக்கா. வீட்டுக்காரி தவறி ஒரு வருஷம் ஆச்சு, தனியா கிடக்காதிய அப்பா, மூணு மாசம் வந்து இருங்கன்னு கூப்பிட்டான். போனேன். என்னைக் கூப்பிடுததுக்கு அவன் அங்க அரசாங்க ஆபீஸ்ல போய் கையெழுத்துப் போட்டிருக்கான் பாத்துக்கிடுங்க. இந்த ஆளு இங்க என்ன செஞ்சாலும் நான் பொறுப்புன்னு. அந்தக் கையெழுத்தத்தான் நான் கடைசி வரைக்கும் நினைச்சு நினைச்சுப் பயந்தது.

ரெண்டரை மாசம் நல்லாத்தான் போச்சு. அவுக ரெண்டு பேரும் வேலைக்குப் போயிட்டா வீட்டுல நான் மட்டும். சும்மா இருக்க முடியுமா? கடையில வாங்குன பில்ல எடுத்து வச்சு ஃப்ரிட்ஜச் சரி பாப்பேன். குறை சொல்லதுக்கு இல்ல, ஒரு உதவிதான். ஒரு நாள் பில்லுல ஆறு தயிர் இருக்கு, உள்ள அஞ்சுதான் இருக்கு. அபிநயா வந்ததும், ஒண்ணு எங்கம்மான்னு கேட்டேன். அவ பையக் கீழ வச்சா. "மாமா, இது பஸ் இல்ல மாமா. நான் டிக்கெட் எடுத்துத்தான் இந்த வீட்டுல இருக்கேன்"ன்னா.

அத விடுங்க, மருமக சொல்லுவா. என் மகன் சிரிச்சான் பாத்தியளா, அதுதான் எனக்குத் தாங்கல.

ஊருக்குத் திரும்ப ஒன்பது நாள் இருந்துச்சு. யூனியன்ல என்கூட இருந்த பிச்சையா வியன்னாவுல மகன் வீட்டுல இருக்கான், அவனோட ஐரோப்பாவச் சுத்திப் பாத்துட்டு வாறேன்னேன். நிசத்துல பிச்சையா எங்க பக்கத்து ஊரு கடையநல்லூரத் தாண்டினதில்ல. மகன் காசு குடுத்தான், அவன் கார்டையும் குடுத்தான், வேண்டாம்னுட்டேன். சில்லறைச் செலவுக்குன்னு எப்பவோ குடுத்ததுல நூத்திப்பத்து யூரோ கிடந்துச்சு. அவன் காலேஜ்ல முதுகுல மாட்டுன பைய நான் மாட்டிக்கிட்டு, அறுபத்திரெண்டு வயசுல கிளம்பிட்டேன்.

என்ன பாத்தேன்னு கேக்காதிய. பிராக்னு ஒரு ஊரு, அங்க இருந்து வியன்னா. பெரிய பெரிய கோயிலு, கோட்டை. எல்லாத்துக்கும் வெளிய நின்னு ஒரு போட்டோ எடுப்பேன், ஏதாவது ஒரு கடை வாசல்ல ஓசி வைஃபை கிடைக்கும், மகனுக்கு அனுப்புவேன். "பிச்சையா மாமா எங்க, போட்டோவுல காணோம்?"ன்னு கேப்பான். அவன்தான்ல எடுக்கான்னு போடுவேன். ஒண்ணுக்குப் போக ஒரு யூரோ கேக்கான் சார். அதுக்குப் பயந்தே தண்ணி குடிக்காம இருந்தேன். ரொட்டி, வாழைப்பழம், திரும்பவும் ரொட்டி. சர்க்கரை மாத்திரை போட்டுட்டு வயித்துல ஒண்ணும் இல்லன்னா என்ன ஆகும், உங்களுக்குத் தெரியும்லா. தலை சுத்தி ஒரு தடவை பாலத்துக் கம்பியப் பிடிச்சுக்கிட்டு நின்னேன், ஒரு போலீஸ்காரன் துப்பாக்கியோட பக்கத்துல வந்தான். நான் நெட்டுக்குத்தா நின்னு சல்யூட் வச்சிட்டேன். அவன் பயந்து போயிட்டான்.

படுக்கை ஸ்டேஷன் நாற்காலியில. யாராவது பக்கத்துல வந்தா முழிப்பு வந்துரும். புடிச்சிட்டுப் போயிருவானோ, பாஸ்போர்ட்டப் பறிச்சிருவானோ, மகன் கையெழுத்துப் போட்டிருக்கானேன்னு எந்திரிச்சு வேற நாற்காலிக்குப் போயிருவேன். ஒரு போன் போட்டா அவன் பறந்து வருவான். போடல. சிரிச்சான்லா.

ஏழாவது நாள் கையில இருந்த காசுக்கு எவ்வளவு தூரம் பஸ் உண்டோ அவ்வளவு தூரம் வந்தேன். பாசாவ்னு ஒரு ஊரு, ஜெர்மனி எல்லையில. கையில நாலு யூரோ. மகன் வீட்டுக்கு இன்னும் நம்ம சங்கரன்கோவில்ல இருந்து கோயமுத்தூர் தூரம் போகணும். வித்தவுட்ல போறதத் தவிர வழியே கிடையாது. நான். முப்பத்தோரு வருஷம். பிளாட்பாரத்துல நின்னு வண்டியப் பாக்கேன், காலு நகர மாட்டேங்கு. ரெண்டு வண்டி என் கண்ணு முன்னாலயே போயிட்டு.

அப்பத்தான் அந்த அம்மா வந்தாவ. நெத்தியில நான் வச்சிருந்த துண்ணூறப் பாத்துட்டு, "ஐயா, நீங்கள் தமிழோ?"ன்னாவ. சிலோன் தமிழு. பேரு யோகராணி. ஐம்பத்தஞ்சு வயசு இருக்கும், ஆஸ்பத்திரியில துப்புரவு வேல பாக்காவ. எங்க போறியள்னு கேட்டாவ. எனக்கு வாய் திறந்ததும் அழுகை வந்துட்டு சார், ஏழு நாளா யாரும் தமிழ்ல ஒரு வார்த்த கேக்கலைலா. எல்லாத்தையும் சொல்லல. காசத் தொலைச்சிட்டேன்னு மட்டும் சொன்னேன்.

அவுக உல்ம்னு ஒரு ஊருக்குப் போறாவ. அங்க ஒரு இல்லத்துல அவுக அக்கா படுத்த படுக்கையா இருக்காவ, மாசத்துக்கு ஒரு தடவ அண்ணனும் தங்கச்சியுமாப் போய்ப் பாப்பாவளாம். உல்ம்ல இருந்து மகன் வீடு ஒரு மணி நேரம்தான்.

"அண்ணாக்கு ராத்திரியில இருந்து காய்ச்சல். வரேல்ல. ரெண்டு பேருக்கும் எடுத்த டிக்கெட் சும்மா கிடக்குது. நீங்கள் வாங்கோ"ன்னாவ.

டிக்கெட்டக் காட்டுனாவ. ஒரே பேப்பரு, அதுல ரெண்டு பேரு அச்சடிச்சிருக்கு. ஒண்ணு யோகராணி. இன்னொண்ணு நடராசா.

"ஆரும் கேட்டா நீங்கள்தான் நடராசா. ஒருத்தரும் கேக்காயினம், நீங்கள் யோசியாதேங்கோ."

அடுத்தவன் பாஸ்ல போறது. இதுக்கு நான் எத்தன பேர இறக்கி விட்டிருக்கேன் தெரியுமா? டிக்கெட் எடுக்காதவனக் கூட மன்னிச்சிரலாம் சார், அவன் ஏழை. அடுத்தவன் பேர்ல உக்காந்து வாறவன் கள்ளன். அப்படித்தான் நான் சொல்லிக்கிட்டு இருந்தது. ஏறிட்டேன். என்ன செய்யச் சொல்லுதிய?

வண்டியில அவுக ஒரு டப்பாவத் திறந்தாவ. இடியாப்பம், சம்பல். ஏழு நாள் கழிச்சு. அண்ணனுக்குக் கட்டுனதாம். சாப்பிடச் சாப்பிட ஊர்க் கதை கேட்டாவ, நான் கேக்காமலே அவுக கதையும் சொன்னாவ. வந்து இருவத்திமூணு வருஷம் ஆச்சாம். இத்தன வருஷமும் விசாவப் புதுசாக்கிப் புதுசாக்கியே காலம் போச்சாம். இப்பத்தான் பிரஜாவுரிமைக்கு எல்லாப் பேப்பரும் முடிஞ்சு, அடுத்த மாசம் கூப்பிட்டுக் குடுக்கப் போறானாம். "ஒரு பொலிஸ் கேஸ் இருக்கப்படாது, ஒரு கடன் இருக்கப்படாது. ரோட்டைக் கூட நான் சிவப்பு லைட்டில கடக்கிறேல்ல"ன்னு சொல்லிச் சிரிச்சாவ. நான் டப்பாவக் கீழ வச்சிட்டேன். அப்ப அண்ணன் டிக்கெட்டுல என்னைக் கூட்டிட்டுப் போறது மட்டும் என்னதாம், சொல்லுங்க?

மியூனிக்ல வண்டி மாறினோம். மாறிக் கொஞ்ச நேரத்துல செக்கிங் வந்துட்டு.

ஒரு பொண்ணு. இருவத்தஞ்சு வயசுதான் இருக்கும், மூக்குல ஒரு வளையம், கையில மெஷினு. யோகராணியம்மா டிக்கெட்ட நீட்டுனாவ. மெஷினக் காட்டுனா, பீப்னு சத்தம் வந்துச்சு. அந்தப் பொண்ணு அவுகளப் பாத்தா, என்னப் பாத்தா. சிரிச்சா. நன்றி சொல்லிட்டுத் தாண்டிப் போயிட்டா.

நீங்க சிரிக்கிய. தப்பிச்சோம்னு நினைப்பிய. யோகராணியம்மாவும் அப்படித்தான் நினைச்சாவ, "பாத்தியளே, நான் சொன்னன்"னாவ. ஆனா எனக்குத் தெரியும். எனக்குத்தான் சார் தெரியும். சிரிச்சுட்டுத் தாண்டிப் போறது என்னோட முறை. அவ கடைசி சீட்டு வரைக்கும் போவா. திரும்பி வருவா. என் முன்னால வந்து நிப்பா. பாஸ்போர்ட்ட எடுன்னுவா.

பொட்டியோட கடைசியில பாக்கேன், அந்தப் பொண்ணு கதவுப் பக்கம் சாஞ்சு நின்னு போன் பேசிக்கிட்டு இருக்கா. யார்ட்ட? போலீசுக்குத்தான். வேற யார்ட்டப் பேசுவா? அடுத்த ஸ்டேஷன்ல நிக்கப் போறான். மகன் கையெழுத்து. அவன் வேல, அவன் வீடு, எல்லாம் என்னால. யோகராணியம்மா என் கையத் தொட்டுப் பாத்துட்டு, "ஏன் இப்பிடி நடுங்கிறியள்? குளிருதோ?"ன்னு அவுக சால்வைய எடுத்து என் மேல போட்டாவ.

எங்க டிப்பார்ட்மெண்ட்ல ஒரு வழக்கம் உண்டு. பயணிட்ட காச வாங்கிட்டு கண்டக்டர் டிக்கெட் குடுக்கலன்னு வைங்க, பயணி மேல தப்பு கிடையாது. அவன் ஒரு ஸ்டேட்மெண்ட் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தாப் போதும், அவனை விட்டுருவோம். எழுதிக் குடுத்தவன் சாட்சி. எழுதாம உக்காந்திருக்கவன்தான் குற்றவாளி. பிடிபடுததுக்கு முந்தி எழுதணும், அதுதான் முக்கியம். பிடிபட்ட பெறகு எழுதினா அதுக்கு மதிப்பு கிடையாது.

பாத்ரூம் போயிட்டு வாறேன்னு எந்திரிச்சேன். உள்ள போய்க் கதவப் பூட்டிட்டு, பஸ் டிக்கெட் அச்சடிச்ச பேப்பரோட பின்பக்கத்துல எழுதினேன். இங்கிலீஷ்லதான். வண்டி ஆடுது, ஆனா எழுத்து நிக்கி, அத்தன வருஷப் பழக்கம்லா. நான் கோமதிநாயகம், தகப்பனார் பேரு இது, பாஸ்போர்ட் நம்பரு இது. யோகராணி என்ற பெண்மணி தன் அண்ணன் பெயரிலுள்ள டிக்கெட்டில் பயணம் செய்யும்படி என்னை வற்புறுத்தினார், எனக்கு இந்நாட்டு விதிகள் தெரியாது, இது என் சுய நினைவோடு எழுதியது. தேதி, நேரம், வண்டி எண், கையெழுத்து. ஒரு குறை சொல்ல முடியாது.

வற்புறுத்தினார்னு எழுதினது கொஞ்சம் கூடுதல்தான். எங்க டிப்பார்ட்மெண்ட் பாரத்துல வாசகமே அப்படித்தான் வரும் சார்.

கொண்டு போய் அந்தப் பொண்ணுட்டக் குடுத்தேன். என் ஓய்வூதியக்காரர் அட்டையையும் காட்டினேன், நானும் செக்கிங் இன்ஸ்பெக்டர்தான்னு. அவ போன மூடிட்டு பேப்பரப் படிச்சா. திரும்பவும் படிச்சா. போலீசுட்ட இல்ல, அவ அம்மாட்டத்தான் பேசிக்கிட்டு இருந்திருக்கா, நான் போகும்போது மாமா மாமான்னு அவ சொன்னது காதுல விழுந்துச்சு, அங்க அம்மாவ அப்படித்தான் கூப்பிடுவாவளாம். என்னைப் பாத்து, இங்கிலீஷ்ல, "இத நீங்க எங்கிட்டக் குடுக்கணும்னு கண்டிப்பா நினைக்கிங்களா?"ன்னு கேட்டா. ஒரு தடவ இல்ல, ரெண்டு தடவ கேட்டா. நான் ஆமான்னேன். அவளுக்குப் பிடிக்கல, மூஞ்சியே சொல்லுச்சு. ஆனா எழுதிக் குடுத்தாச்சு, பக்கத்து சீட்டுக்காரன் வேற பாத்துக்கிட்டு இருக்கான். அவ என்ன செய்வா பாவம், அப்பத்தான் போலீசுக்குப் போன் போட்டா.

ஆக்ஸ்பர்க்ல ரெண்டு போலீஸ் ஏறினாவ. எங்க சீட்டுக்குத்தான் வந்தாவ. யோகராணியம்மா முதல்ல என்னையத்தான் பாத்தாவ. அவுக என்ன நினைச்சாவ தெரியுமா, என்னப் பிடிக்கத்தான் வந்திருக்கான்னு. எனக்கும் முன்னால வந்த போலீஸ்காரனுக்கும் ஊடால கைய நீட்டிக்கிட்டு, "ஐயா, நீங்கள் பயப்பிடாதேங்கோ. நான் கதைக்கிறன். நீங்கள் பேசாமல் இருங்கோ"ன்னாவ. ஜெர்மன்ல அவன்ட்ட என்னமோ சொன்னாவ. வயசானவர், சுகமில்லாதவர்னு சொல்லியிருப்பாவன்னு நினைக்கேன், என் தலையையும் நெஞ்சையும் காட்டுனாவ.

அவன் அந்தப் பேப்பர அவுக கையில குடுத்தான்.

படிச்சாவ. என் எழுத்துதான் தெளிவா இருக்குமே. முழுசும் படிச்சிட்டு மடக்கி அவன்ட்டத் திருப்பிக் குடுத்தாவ. ஒரு ஏச்சு ஏசியிருந்தா நல்லாருந்திருக்கும் சார். பைய எடுத்துக்கிட்டு போலீஸ்கூட இறங்கிப் போனாவ. சால்வை என் மேலயே இருந்துச்சு, அதக் கூடக் கேக்கல.

எனக்கு ஃபைன் கிடையாது. உல்ம் வரைக்கும் உக்காந்து போகலாம்னுட்டா அந்தப் பொண்ணு. பெறகு என் பக்கமே வரல.

உல்ம்ல இருந்து மகனுக்குப் போன் போட்டேன். ரெண்டு பேரும் கார எடுத்துக்கிட்டு வந்தாவ. மகன் என்னப் பாத்ததும் கட்டிப் பிடிச்சு அழுதான், என்னப்பா இப்படி எலும்பா ஆயிட்டியன்னு. அபிநயா பின் சீட்டுல என்கூட உக்காந்து, வாழைப்பழத்த உரிச்சு உரிச்சுக் குடுத்தா. அந்த வேகத்துல நான் எல்லாத்தையும் சொல்லிட்டேன். பிச்சையா இல்லங்கத, உல்ம் இல்லத்துல அக்காவப் பாக்கப் போற ஒரு சிலோன் அம்மா இடியாப்பம் குடுத்தத, அவுகளுக்குப் பிரஜாவுரிமை வரப் போறத, ஸ்டேட்மெண்ட் எழுதிக் குடுத்தத. உன் கையெழுத்தக் காப்பாத்திட்டேன்லன்னேன்.

அவன் கார ஓரமா நிப்பாட்டிட்டான்.

"அப்பா, அவுகளுக்கு அடுத்த மாசம் பிரஜாவுரிமைன்னு அத எழுதும்போதே உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

தெரியும். சொன்னாவ.

சீட்டுல என் பக்கமாத் திரும்பினான். "சரி, இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகல. நாளைக்கு வக்கீல வச்சு, நான் பயத்துல தப்பா எழுதிட்டேன், அந்தம்மா மேல தப்பு இல்லன்னு நீங்க ஒரு லெட்டர் குடுத்தா அவுகளுக்கு உதவும். அவுக பேரு என்னப்பா?"

வக்கீலுன்னா பெறகு விசாரணைன்னு வரும். முன்ன எழுதினது பொய்யா இப்ப எழுதறது பொய்யான்னு கேப்பான். பொய் ஸ்டேட்மெண்ட் குடுத்தவனுக்கு என்ன ஆகும்னு எனக்குத் தெரியும்லா. ஊருக்குப் போக ரெண்டு நாள் இருக்கு, பிடிச்சு வச்சுக்கிட்டா?

மறந்துட்டேன்னு சொல்லிட்டேன்.

அபிநயா கையில இருந்த பழத்த அப்படியே வச்சுக்கிட்டு என்னைப் பாத்தா. "மாமா, நிசமாவா?"ன்னா. நிசமாத்தான், சிலோன்ல எல்லாம் நீள நீளமா பேரு வைப்பாவ, மனசுல நிக்கலன்னேன். மகன் கார எடுத்தான். ரெண்டு நாள் கழிச்சு ஊருக்கு வந்துட்டேன்.

அது முந்தின வருஷம். இப்ப பேரன் பிறந்திருக்கான் சார். நாப்பது நாள் ஆச்சு. போன்ல காட்டுனாவ, என் அப்பா மூக்கு அப்படியே இருக்கு. மகன் டிக்கெட்டு போட்டாச்சு, விசா மட்டும் வாங்குங்கங்கான். நானும் எல்லாப் பேப்பரையும் சரி பாத்து, வரிசையா அடுக்கி, கோமதி அம்மனுக்கு மாவிளக்கு நேந்துக்கிட்டுத்தான் ரயில் ஏறினேன். இந்தப் பேரனத் தூக்கி மடியில வச்சிட்டா எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். நேத்து வரைக்கும் அப்படித்தான்.

நேத்து சாயங்காலம் போன்ல பேசும்போது அபிநயா சொல்லுதா. ரொம்ப அன்பாத்தான் சொன்னா. "மாமா, உல்ம்ல இருக்க அந்த மாதிரி இல்லத்துக்கெல்லாம் போன் போட்டேன். தமிழ்க்கார அம்மா ஒருத்தர் ஒரு இடத்துல இருக்காங்களாம், தங்கச்சி மாசத்துக்கு ஒரு தடவை வருவாங்களாம். பேரெல்லாம் வெளிய சொல்ல மாட்டாங்களாம், நேர்ல வந்து காத்திருந்தாப் பாக்கலாம்னாங்க. நீங்க வந்ததும் போவோம். முகத்தப் பாத்தா உங்களுக்கு நினைவு வந்துரும்."

எண்பத்திரெண்டு கூப்பிடுதான் பாருங்க. இருங்க, ஒரே ஒரு நிமிஷம். நான் முதல்ல கேட்டேன்லா, பேரு கம்ப்யூட்டர்ல ஏறியிருக்குமான்னு. ஏறியிருக்காதுன்னுதானே நீங்களும் நினைக்கிய? காலையில இருந்து நான் அம்மன என்ன கேட்டுக்கிட்டு இருக்கேன் தெரியுமா? ஏறியிருக்கணும் தாயே, இவன் வரக்கூடாதுன்னு சிவப்புல ஒரு முத்திரை குத்தித் திருப்பி அனுப்பிரணும், நான் இப்படியே ஊருக்குப் போயிருதேன்னு. பேரன் மூஞ்சிய போன்லயே பாத்துக்கிடுவேன். எனக்கு அந்த யோகராணியம்மா முன்னால போய் நிக்கப் பயமா இருக்கு சார்.